பின்னோக்கிச் சறுக்கியவர்: லாரி ராபின்சன் ஆட்டக்காரரிலிருந்து பயிற்றுநரான கதை

ஹாக்கி என்றதும் நம் மனக்கண்ணில் தோன்றுவது பச்சைத் திடல்தான். ஈப்போவின் அஸ்லான் ஷா அரங்கமும் கோலாலம்பூரின் புக்கிட் ஜாலிலும் நமக்குப் பழக்கமானவை. ஆனால், கனடாவில் ஒருவர் 'ஹாக்கி' என்று சொன்னால் அது ஐஸ் ஹாக்கியை மட்டுமே குறிக்கும். நாம் ஆடுவதைத்தான் அவர்கள் 'திடல் ஹாக்கி' என்று அடைமொழி சேர்த்து அழைக்கிறார்கள்! 2017ஆம் ஆண்டு கோலாலம்பூரில் நடந்த சீ விளையாட்டுப் போட்டியில் ஐஸ் ஹாக்கி முதன்முறையாகச் சேர்க்கப்பட்டபோதுதான் நம்மில் பலர் அதைச் சற்றே திரும்பிப் பார்த்தோம். பேரங்காடிக்குள் இருக்கும் பனித்தளத்தில் சறுக்கி விழுந்து எழுந்த அனுபவம் மட்டும் நம் இளைஞர்கள் பலருக்கு உண்டு.

இக்கட்டுரை அந்த ஆட்டத்தைப் பற்றியது. அதைவிட, எந்த விளையாட்டிலும் எழும் ஒரு கேள்வியைப் பற்றியது. மிகச் சிறப்பாக ஆடிய ஒருவர், பிறரைச் சிறப்பாக ஆடவைக்கவும் வல்லவராக இருப்பாரா? ஐஸ் ஹாக்கியில் இதற்கு நேரான விடை கிடையாது. உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர் என்று போற்றப்படும் வெய்ன் கிரெட்ஸ்கி 2005 முதல் 2009 வரை ஃபீனிக்ஸ் கொயோட்டிஸ் அணிக்குத் தலைமைப் பயிற்றுநராக இருந்தார். நான்கு பருவங்களில் ஒருமுறைகூட அவ்வணி பிளேஆஃப் சுற்றுக்குத் தகுதி பெறவில்லை. மறுபுறம், தலைமைப் பயிற்றுநராக ஒன்பது முறை ஸ்டேன்லி கிண்ணத்தை வென்ற ஸ்காட்டி போமன், தேசிய ஹாக்கி லீக்கில் ஓர் ஆட்டம்கூட ஆடியவர் அல்லர். இவ்விருவருக்கும் இடையில் நிற்பவர் லாரி ராபின்சன். இருபது ஆண்டுகள் தற்காப்பு ஆட்டக்காரர். பிறகு துணைப் பயிற்றுநர், தலைமைப் பயிற்றுநர், மீண்டும் துணைப் பயிற்றுநர். இந்த முன்னும் பின்னுமான பயணம்தான் அவர் கதையைச் சொல்லத் தக்கதாக்குகிறது.

தற்காப்பு ஆட்டக்காரரின் வேலை என்ன?

முதலில் ஆட்டத்தைச் சுருக்கமாகப் புரிந்துகொள்வோம். ஏறத்தாழ 61 மீட்டர் நீளமும் 26 மீட்டர் அகலமும் கொண்ட பனித்தளம்; சுற்றிலும் பலகைச் சுவர். ஓர் அணிக்கு ஆறு பேர்: ஒரு கோல் காவலர், இரண்டு தற்காப்பு ஆட்டக்காரர்கள், மூன்று தாக்குதல் ஆட்டக்காரர்கள். பந்துக்குப் பதிலாக 'பக்' எனப்படும் கெட்டியான ரப்பர் வட்டு. இருபது நிமிடங்கள் கொண்ட மூன்று பகுதிகள். ஆனால், யாரும் இருபது நிமிடம் தொடர்ந்து ஆட முடியாது. முழு வேகத்தில் சறுக்கினால் முக்கால் நிமிடத்தில் கால்கள் கனத்துவிடும். எனவே, ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே வீரர்கள் பலகைச் சுவரைத் தாண்டி உள்ளே வருவதும் வெளியே போவதுமாக இருப்பார்கள்.

தற்காப்பு ஆட்டக்காரர்கள் எப்போதும் இணையாகவே இறங்குவார்கள். எதிரணி வீரர் வட்டோடு முழு வேகத்தில் முன்னோக்கி வருவார். இவர் அவரைப் பார்த்தபடியே பின்னோக்கிச் சறுக்க வேண்டும். இருவருக்கும் உள்ள இடைவெளிதான் இந்த வேலையின் உயிர்நாடி. இடைவெளி கூடினால் வருபவருக்கு அடிக்க இடம் கிடைத்துவிடும். குறைந்தால் ஒரே எட்டில் கடந்து போய்விடுவார். வட்டைப் பார்க்காதே, ஆளின் நெஞ்சைப் பார் என்பது இங்கே பாலபாடம். மட்டையாலும் தோளாலும் ஏமாற்றலாம், நெஞ்சு போகும் திசையில்தான் உடல் போகும் அல்லவா? தாக்குதல் வீரருக்குப் பெரும்பாலும் கோல் கம்பம்தான் கண்ணில் தெரியும். தற்காப்பு ஆட்டக்காரருக்கோ முழுத் தளமும், அதில் நகரும் அனைவரும் கண்முன் விரிந்து கிடப்பார்கள். ஆட்டத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளாமல் அவரால் பிழைக்கவே முடியாது. பிற்காலத்தில் பயிற்றுநராகத் தேவைப்படும் பார்வையின் ஒரு பகுதி இங்கேயே உருவாகிறது என்பது என் கருத்து. ஒரு பகுதிதான், மீதிக்குப் பின்னர் வருவோம்.

பால்பண்ணையிலிருந்து மொன்றியலுக்கு

ராபின்சன் 1951 ஜூன் 2ஆம் நாள் கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்திலுள்ள வின்செஸ்டரில் பிறந்தார். மார்வல்வில் என்ற சிற்றூரில் ஒரு பால்பண்ணையில் வளர்ந்தார். 1971ஆம் ஆண்டு இளம் வீரர்களை அணிகள் தேர்ந்தெடுத்தபோது மொன்றியல் கனேடியன்ஸ் அணி அவரை எடுத்தது. முதல் இடத்தில் அல்ல, இருபதாவது இடத்தில். அதே ஆண்டு முதல் இடத்தில் அதே அணி எடுத்த வீரர் கை லஃப்லூர். ஊர் முழுவதும் லஃப்லூரைப் பற்றிப் பேசியது. ராபின்சனோ நோவா ஸ்கோஷியாவில் இருந்த இரண்டாம் நிலை அணிக்கு அனுப்பப்பட்டார்.

அங்கே அவருக்குப் பயிற்றுநராக இருந்தவர் ஆல் மெக்நீல். இவரும் முன்னாள் தற்காப்பு ஆட்டக்காரர். 1971இல் பருவத்தின் நடுவில் கனேடியன்ஸ் அணியின் பொறுப்பை ஏற்று ஸ்டேன்லி கிண்ணத்தை வென்று காட்டியவர். வென்றபின் இரண்டாம் நிலை அணிக்குப் பயிற்றுநராக மாற்றப்பட்டவர். இந்தப் பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1973ஆம் ஆண்டு தொடக்கத்தில் ராபின்சன் முதல்நிலை அணிக்கு அழைக்கப்பட்டார். அந்தப் பருவத்திலேயே முதல் கிண்ணம். பிறகு 1976 முதல் 1979 வரை தொடர்ந்து நான்கு, 1986இல் இன்னொன்று. ஆட்டக்காரராக மொத்தம் ஆறு கிண்ணங்கள். ஆறடி நான்கு அங்குல உயரமும் சுருண்ட தலைமுடியுமாக இருந்த அவருக்குக் குழந்தைகள் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் வரும் மஞ்சள் பறவையின் பெயரால் 'பிக் பேர்ட்' என்ற பட்டப்பெயரும் கிடைத்தது.

1976 இறுதித் தொடரில் நடந்த ஒரு சம்பவத்தை ஐஸ் ஹாக்கி இரசிகர்கள் இன்றும் சொல்வார்கள். எதிரணி ஃபிலடெல்ஃபியா ஃப்ளையர்ஸ். முரட்டு ஆட்டத்திற்குப் பேர்போன அணி, அதற்கு முந்திய இரண்டு ஆண்டுகளும் கிண்ணத்தை வென்ற அணி. இரண்டாவது ஆட்டத்தில் அவ்வணியின் கேரி டோர்ன்ஹோஃபர் மீது ராபின்சன் மோதிய வேகத்தில் பலகைச் சுவரே உள்வாங்கிவிட்டது. ஆட்டத்தை நிறுத்திவிட்டுச் சுவரைச் சரிசெய்ய ஆட்கள் வரவேண்டியிருந்தது! தொடரை மொன்றியல் 4-0 என வென்றது.

ஆனால், அவருடைய உண்மையான பெருமை முரட்டுத்தனத்தில் இல்லை. ஒரு கணக்கில் இருக்கிறது. ஐஸ் ஹாக்கியில் 'கூட்டல்-கழித்தல்' என்றொரு புள்ளி உண்டு. சம எண்ணிக்கையில் ஆடும்போது ஒருவர் தளத்தில் இருக்கையில் அவர் அணி கோல் போட்டால் அவருக்கு ஒரு புள்ளி கூடும். எதிரணி போட்டால் ஒரு புள்ளி குறையும். கோலை அவரே அடித்திருக்க வேண்டியதில்லை. அவர் இருந்ததால் என்ன நடந்தது என்பதே கேள்வி. 1976-77 பருவத்தில் ராபின்சனின் கணக்கு கூட்டல் 120. அந்தப் பருவத்தில் கனேடியன்ஸ் அணி 80 ஆட்டங்களில் தோற்றது எட்டே முறை. இருபது ஆண்டுகளையும் சேர்த்துப் பார்த்தால் 700க்கும் மேல். லீக் வரலாற்றில் யாரும் அதைத் தாண்டவில்லை. இந்தக் கணக்கில் குறைகள் உண்டு. வலிமையான அணியில் இருப்பவருக்கு அது தானாகவே உயரும். அந்த அணியில் லஃப்லூரும் கோல் காவலர் கென் டிரைடனும் இருந்தார்கள் என்பதையும் மறந்துவிடலாகாது. ஆயினும், எழுநூறு என்பது வெறும் சலுகையில் வந்துவிடும் எண் அன்று.

சிறந்த தற்காப்பு ஆட்டக்காரருக்கான நாரிஸ் விருதை 1977, 1980 ஆகிய ஆண்டுகளில் பெற்றார். 1978இல் பிளேஆஃப் சுற்றின் சிறந்த ஆட்டக்காரர் விருது. 1987 கோடையில் குதிரை ஏறிப் போலோ ஆடப்போய்க் காலை முறித்துக்கொண்டதும் உண்டு. பண்ணையில் வளர்ந்தவருக்குக் குதிரை ஆசை விடவில்லை போலும். 1989இல் மொன்றியலை விட்டு லாஸ் ஏஞ்சலஸ் கிங்ஸ் அணிக்குப் போய், 1992இல் ஓய்வு பெற்றார். ஆடிய இருபது பருவங்களிலும் அவருடைய அணி பிளேஆஃப் சுற்றுக்குச் சென்றது.

இருக்கைக்குப் பின்னால்

1993இல் நியூ ஜெர்சி டெவில்ஸ் அணியின் தலைமைப் பயிற்றுநரான ஜாக் லெமேர், மொன்றியலில் ராபின்சனோடு ஒன்றாக ஆடியவர். தம் பழைய தோழரைத் துணைப் பயிற்றுநராக அழைத்துக்கொண்டார். தற்காப்பு ஆட்டக்காரர்கள் ராபின்சனின் பொறுப்பு.

துணைப் பயிற்றுநரின் வேலையை வெளியிலிருந்து பார்ப்பவர்கள் குறைவாக மதிப்பிடுவது வழக்கம். ஓர் ஆட்டத்தில் ஓர் அணிக்கு ஆறு தற்காப்பு ஆட்டக்காரர்கள், அதாவது மூன்று இணைகள் இருப்பார்கள். எந்த இணை எப்போது இறங்குவது, எதிரணியின் சிறந்த தாக்குதல் வரிசைக்கு எதிராக யாரை நிறுத்துவது என்பதை நொடிகளில் முடிவு செய்ய வேண்டும். அது மட்டுமன்று. தளத்திலிருந்து மூச்சு வாங்க வந்து உட்காரும் வீரரிடம் குனிந்து ஒன்றிரண்டு சொற்களில் திருத்தம் சொல்ல வேண்டும். நீண்ட விளக்கத்துக்கு நேரமில்லை. இரண்டு நிமிடத்தில் அவர் மறுபடி இறங்கியாக வேண்டும். தலைமைப் பயிற்றுநரிடம் சொல்லத் தயங்கும் குறைகளையும் வீரர்கள் துணைப் பயிற்றுநரிடம்தான் கொட்டுவார்கள். அவரால் யாரையும் அணியிலிருந்து நீக்க முடியாது என்பதால், அவரிடம் உண்மை பேசலாம்.

டெவில்ஸ் அணியில் அப்போது அனுபவசாலியான ஸ்காட் ஸ்டீவன்ஸும், இருபது வயதுதான் ஆகியிருந்த ஸ்காட் நீடர்மையரும், கென் டேனிகோவும் இருந்தார்கள். இயல்பில் மூவரும் மூன்று விதம்: மோதுபவர், சறுக்குபவர், காவல் காப்பவர். ராபின்சன் வந்த முதல் பருவத்தில் ஸ்டீவன்ஸின் கூட்டல்-கழித்தல் கணக்கு கூட்டல் 53. லீக்கிலேயே அதுதான் மிக அதிகம். அடுத்த பருவத்தில், 1995இல், டெவில்ஸ் அணி தன் முதல் ஸ்டேன்லி கிண்ணத்தை வென்றது. இறுதித் தொடரில் 4-0 எனத் தோற்ற டெட்ராய்ட் அணியின் தலைமைப் பயிற்றுநர் யார் தெரியுமா? ராபின்சனை மொன்றியலில் வளர்த்தெடுத்த அதே ஸ்காட்டி போமன்தான்.

வெற்றி பெற்ற துணைப் பயிற்றுநர்களுக்கு அழைப்புகள் வராமல் இருக்குமா? அதே 1995இல் லாஸ் ஏஞ்சலஸ் கிங்ஸ் அணி அவரைத் தலைமைப் பயிற்றுநராக்கியது. அங்கே இருந்த நான்கு பருவங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. முதல் பருவத்திலேயே கிரெட்ஸ்கி வேறு அணிக்கு மாற்றப்பட்டார். அணி கலைத்துக் கட்டப்பட்டது. பிளேஆஃப் சுற்றுக்கு ஒரே ஒருமுறை, 1998இல், தகுதி பெற்று முதல் தொடரிலேயே 4-0 எனத் தோற்றார்கள். 1999இல் அவர் பதவி போனது. தோல்வியே அறியாத ஓர் ஆட்டக்காரர், வாரந்தோறும் தோற்பது எப்படி இருக்கும் என்பதை நாற்பத்து நான்கு வயதுக்குப் பிறகுதான் கற்றுக்கொண்டார்.

எட்டு ஆட்டங்கள் மீதமிருக்கையில்

அதே ஆண்டு மீண்டும் டெவில்ஸ் அணிக்குத் துணைப் பயிற்றுநராகத் திரும்பினார். தலைமைப் பயிற்றுநர் ராபி ஃப்டோரெக். பட்டியலில் மேலே இருந்த அணி பருவத்தின் கடைசிக் கட்டத்தில் தடுமாறத் தொடங்கியது. 2000 மார்ச் 23ஆம் நாள், வழக்கமான ஆட்டங்களில் எட்டே எட்டு மீதமிருந்தபோது, பொது மேலாளர் லூ லமொரியெல்லோ ஃப்டோரெக்கை நீக்கிவிட்டு ராபின்சனை அந்த இடத்தில் அமர்த்தினார். நேற்றுவரை யாருக்குத் துணையாக இருந்தாரோ அவருடைய நாற்காலி. மகிழ்ச்சியோடு ஏற்கக்கூடிய பதவி உயர்வு அல்ல இது.

ஃபுளோரிடாவை 4-0 என வென்றார்கள். டொராண்டோவை 4-2 என வென்றார்கள். அதன் ஆறாவது ஆட்டத்தில் டொராண்டோ அணியால் அறுபது நிமிடத்தில் கோலை நோக்கி ஆறு முறைதான் அடிக்க முடிந்தது. ஒரு தற்காப்பு ஆட்டக்காரரின் மனத்துக்கு இதைவிட இனிப்பான எண் இருக்க முடியாது! ஆனால், கிழக்குப் பிரிவின் இறுதித் தொடரில் ஃபிலடெல்ஃபியாவிடம் 3-1 எனப் பின்தங்கிவிட்டார்கள். இன்னும் ஓர் ஆட்டம் தோற்றால் வீடு திரும்ப வேண்டியதுதான்.

ராபின்சன் மென்மையானவர் என்று பெயரெடுத்தவர். நான்காவது ஆட்டத் தோல்விக்குப் பிறகு உடைமாற்றும் அறையில் அவர் வெடித்தார். குப்பைத் தொட்டி உதைபட்டுப் பறந்தது. இந்தச் சம்பவத்தைப் பலரும் ஒரு மந்திரம்போலச் சொல்வதுண்டு: பயிற்றுநர் கத்தினார், அணி வென்றது என்று. எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. தினமும் கத்துகிறவர் கத்தியிருந்தால் யாரும் தலையை நிமிர்த்தியிருக்க மாட்டார்கள். ஆறு கிண்ணங்களை வென்றவர், ஒருபோதும் குரல் உயர்த்தாதவர், அன்று உயர்த்தினார் என்பதால்தான் அது உறைத்தது. அடுத்த மூன்று ஆட்டங்களையும் டெவில்ஸ் வென்றது.

இறுதித் தொடரில் எதிரணி, முந்திய ஆண்டின் வெற்றியாளரான டல்லாஸ் ஸ்டார்ஸ். ஆறாவது ஆட்டம், ஜூன் 10. டெவில்ஸ் வீரர் பீட்டர் சிகோரா கடுமையான மோதலில் காயமுற்று மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். ஆட்டம் 1-1 என நீண்டு, இரண்டாவது கூடுதல் நேரத்தில் ஜேசன் ஆர்னட் அடித்த கோலால் முடிந்தது. கொண்டாட்டத்தின்போது ராபின்சன் சிகோராவின் ஆட்டச் சட்டையை அணிந்துகொண்டு பனித்தளத்தில் நின்றார். அவ்வளவு பெரிய வெற்றியின் நடுவே, அங்கே இல்லாத ஒருவரை நினைத்துக்கொண்ட அந்தக் காட்சியை நான் குப்பைத் தொட்டியைவிட மேலாக வைப்பேன். பருவத்தின் நடுவில் பொறுப்பேற்றுக் கிண்ணம் வெல்வது 1971க்குப் பிறகு அதுவே முதல் முறை. 1971இல் அதைச் செய்தவர்தான் நாம் மேலே கண்ட ஆல் மெக்நீல்.

அடுத்த ஆண்டு மீண்டும் இறுதித் தொடர். கொலராடோவுக்கு எதிராக 3-2 என முன்னிலை பெற்றும் ஏழாவது ஆட்டத்தில் தோல்வி. 2002 ஜனவரியில், கிண்ணம் வென்று இரண்டு ஆண்டுகள்கூட முழுமையாக ஆகாத நிலையில், அதே லமொரியெல்லோ அவரையும் நீக்கினார். ராபின்சன் அமைப்பை விட்டுப் போகவில்லை. புதிய தலைமைப் பயிற்றுநர் பேட் பர்ன்ஸின் கீழ் 2003இல் டெவில்ஸ் வென்ற கிண்ணத்திலும் அவருக்குப் பங்கு உண்டு.

பதவியைத் திருப்பிக் கொடுத்தல்

2005இல் பர்ன்ஸ் புற்றுநோயால் விலக நேர்ந்தபோது ராபின்சன் இரண்டாம் முறையாக டெவில்ஸ் தலைமைப் பயிற்றுநரானார். சூழல் மாறியிருந்தது. முந்திய பருவம் சம்பளத் தகராற்றால் முழுவதுமாக இரத்தாகியிருந்தது. ஆட்ட விதிகள் தாக்குதலுக்குச் சாதகமாகத் திருத்தப்பட்டிருந்தன. நீடர்மையர் அனஹைம் அணிக்குப் போய்விட்டார்; ஸ்டீவன்ஸ் ஓய்வு பெற்றுவிட்டார். அவர் கட்டியெழுப்பிய தற்காப்பின் இரு தூண்களும் இல்லை.

2005 டிசம்பர் 19ஆம் நாள், பருவம் பாதியைக்கூட எட்டாத நிலையில், ராபின்சன் தாமாகவே பதவி விலகினார். தலைவலி, மன அழுத்தம் ஆகியவற்றை வெளிப்படையாகவே காரணமாகச் சொன்னார். மன உளைச்சல் என்பதை வாய்விட்டுச் சொல்வது இன்றும் எளிதன்று. வலியை மறைப்பதே வீரம் என்று வளர்க்கப்பட்ட, உடைந்த விரலைக் கட்டிக்கொண்டு அடுத்த பகுதிக்கு இறங்கும் ஓர் ஆட்டத்தில், அந்தத் தலைமுறையைச் சேர்ந்த ஒருவர் அதைச் சொன்னார்.

முன்பு மீதி என்று சொல்லி வைத்ததற்கு இப்போது வருவோம். துணைப் பயிற்றுநருக்கு ஆறு பேர். அவர்களுடைய கால்களும் மட்டையும் இடைவெளியும். தலைமைப் பயிற்றுநருக்கு முழு அணி, யாரை உட்கார வைப்பது என்ற முடிவு, செய்தியாளர்கள், மேலாளர், தோல்விக்குப் பிந்திய இரவு. முதலாவது கற்பித்தல், இரண்டாவது ஆளுதல். கற்பிக்கத் தெரிந்தவரை ஆளும் இடத்துக்கு உயர்த்துவதுதான் மரியாதை என்று எல்லா நிறுவனங்களும் நம்புகின்றன. நல்ல விரிவுரையாளரைத் துறைத் தலைவராக்கிப் பார்த்த பல்கலைக்கழகங்களுக்கு இது தெரியாததன்று. தலைமைப் பயிற்றுநராகவும் ராபின்சன் கிண்ணம் வென்றவர் என்பதால், அவருக்கு அந்த வேலை தெரியாது என்று எவரும் சொல்லிவிட முடியாது. தெரிந்தும், தமக்கு அது வேண்டாம் என்று அவர் தீர்மானித்தார். அதற்குப் பிறகு எந்த அணியிலும் அவர் தலைமைப் பயிற்றுநராகப் பொறுப்பேற்கவில்லை.

ஆனால், ஆட்டத்தை விடவில்லை. டெவில்ஸ் அணியிலேயே மீண்டும் தற்காப்பு ஆட்டக்காரர்களுக்குப் பயிற்சியளித்தார். 2007 நவம்பரில் மொன்றியல் அவருடைய 19ஆம் எண் சட்டையை இனி யாரும் அணியாதபடி அரங்கத்தின் கூரையில் ஏற்றியது. 2012இல் சான் ஹோசே ஷார்க்ஸ் அணிக்குத் துணைப் பயிற்றுநராகப் போனார். பின்னர் அங்கே இளம் ஆட்டக்காரர்களை வளர்க்கும் பணி. அதன்பின் செயிண்ட் லூயிஸ் புளூஸ் அணியில் ஆலோசகர்.

2019 ஜனவரித் தொடக்கத்தில் புளூஸ் அணி லீக் பட்டியலின் கடைசி இடத்தில் கிடந்தது. பருவத்தின் நடுவில் பொறுப்பேற்றிருந்த தற்காலிகப் பயிற்றுநர் கிரெய்க் பெரூபி. அவ்வாண்டு ஜூன் 12ஆம் நாள் பாஸ்டன் நகரில் நடந்த ஏழாவது ஆட்டத்தை வென்று, 1967இல் தோன்றிய அந்த அணி தன் முதல் ஸ்டேன்லி கிண்ணத்தைக் கைப்பற்றியது. ஆலோசகர் ராபின்சனுக்கு அப்போது வயது 68. அது அவருடைய பத்தாவது கிண்ணம்: ஆட்டக்காரராக ஆறு, தலைமைப் பயிற்றுநராக ஒன்று, மற்ற மூன்றும் பிறருக்குத் துணையாக நின்று பெற்றவை.